மறுபடியும் உளி பிடித்துவிட்டேன்

அன்பு மகளுக்கு,

தோள் எப்படி இருக்கிறது என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லைம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அது உனக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் கடையும் அந்தக் கடைசல் எந்திரத்தை மறுபடியும் ஓட்டத் தொடங்கிவிட்டேன். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சரி என்று சொன்ன பிறகுதான். பயப்படாதே.

தோள் ஆபரேஷனில் தைத்த தசைநார் எலும்போடு ஒட்டிப் பிடிக்க நாளாகும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் தொங்கலிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். பலம் கூட்டும் பயிற்சியெல்லாம் ஏறத்தாழ 3 மாதத்துக்கு அப்புறம்தான். பொறுத்திருந்தேன். பொறுத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

முதலில் எடுத்தது ஒரு பம்பரம். இரண்டு பக்கமும் பிடிமானம் கொடுத்து மாட்டிய சின்னக் கட்டை, ஆட்டமே இல்லை. கோணல்மாணலான பெரிய கட்டைகளை இப்போதைக்குத் தொடுவதில்லை, தூக்குவதும் இல்லை. கடைசலில் தோளுக்கு ஆபத்து என்றால், அது சுழலும் கட்டை சட்டென்று உளியைக் கவ்வி இழுக்கும் நேரம்தான். உளியை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கு வெளியே அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த இழுப்பு அவ்வளவு பலமாகக் கைக்கு ஏறும். அதனால் கட்டை குறையக் குறைய, எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தாங்கியை நெருக்கி வைத்துக்கொண்டே வருகிறேன். உளிப் பிடியின் கடைசியை இடுப்போடு அணைத்து, உளி நுனியின் சாய்வு முகம் மரத்தில் படிந்த பிறகே வெட்டும் முனையை மெல்ல இறக்குகிறேன். கை அசைவதில்லை, காலை மாற்றி வைத்து உடம்போடு நகர்கிறேன். உளி கூராக இருந்தால் பலமே வேண்டாம், சீவல் தானாகச் சுருண்டு வருகிறது. மழுங்கின உளிதான் தோளைக் கேட்கும். சாணை பிடிக்க இப்போது அடிக்கடி நிறுத்துகிறேன்.

"தனியாகப் பட்டறையில் நிற்காதீங்கப்பா" என்று நீ ஆஸ்பத்திரியில் சொன்னாயே, அதிலிருந்து வந்ததுதான் எங்கள் கடைசல் குழு. துணைக்கு ஒருவரைத் தேடப் போனேன். அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். இப்போது ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, இதுவரை உளியையே பார்க்காத ஒரு கணக்கர் என்று ஒரு சிறு கூட்டம் மாதம் ஒருமுறை கூடுகிறது. அமெரிக்கக் கடைசல்காரர்களின் சங்கம் 1986இல் தொடங்கியது. இன்று அதற்கு நிறைய ஊர்களில் கிளைகள் உண்டு. நாங்கள் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. ஒருவர் கடைவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். அப்புறம் அவரவர் செய்ததை மேசையில் வைத்துப் பேசுவோம். மேசையில் வைத்ததைத் தடவிப் பார்க்காமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்று தச்சர் ஒரு சட்டம் போட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த சட்டம் அது. கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் விரலுக்குத் தப்பாது.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் இல்லாமல் யாரும் எந்திரத்தைத் தொடக் கூடாது. உப்புத்தாள் தேய்க்கும்போது தூசுக்கு மாஸ்க். கையுறை கூடவே கூடாது, சுழலும் கட்டை அதை இழுத்தால் விரலும் சேர்ந்து போகும். முடுக்கும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். வேகத்துக்கும் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்: கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் நடுவில் இருக்க வேண்டும். 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. ஆட்டம் இருந்தால் அதற்கும் கீழே.

போன கூட்டத்தில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு முதன்முதலாகக் காயாத பச்சை மரத்தில் நீளச் சீவல் வந்தது. ஈரமாக, நாடா மாதிரி, அறுபடாமல் அவள் முழங்கை வரை ஏறிக்கொண்டது. எந்திரத்தை நிறுத்திவிட்டு அதை உருவி எல்லோருக்கும் காட்டினாள். நான் கடைந்த எந்தக் கிண்ணமும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

உனக்கென்று ஒரு கிண்ணத்தை அரைகுறையாகக் கடைந்து வைத்திருக்கிறேன். பெரிய கட்டை என்பதால் தச்சரே தூக்கி மாட்டிக் கொடுத்தார். 10 அங்குல அகலம். சுவர் ஒரு அங்குலம் தடிமன் விட்டிருக்கிறேன். பச்சை மரம் காயும்போது கோணும், அந்தக் கோணலைச் சீவி எடுக்க அவ்வளவு சதை வேண்டும். காய மாதக்கணக்காகும். நீ விடுமுறைக்கு வரும்போது சரியாக இருக்கும், கடைசிக் கடைசலை நீயே போடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். தொளதொள கைச் சட்டை வேண்டாம், தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா