எல்லா 'டயரும்' தரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வணிகப் பக்கத்தில் கோவையையும் மதுரையையும் 'இரண்டாம் தர நகரங்கள்' என்றும், சர்வர் கணினிகள் இயங்கும் தரவு மையம் ஒன்றை 'நான்காம் தரம்' என்றும் குறித்திருந்தீர்கள். இரண்டுக்கும் ஆங்கில மூலம் 'டயர்' (tier) என்ற ஒரே சொல். அதை எங்கும் 'தரம்' என்றே எழுதினால் சில இடங்களில் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

தரவு மையத்தில் எண் ஏற ஏறத்தான் உறுதி. தரவு மையங்களுக்குச் சான்று தரும் அப்டைம் இன்ஸ்டிடியூட் வகுத்த நான்கு நிலைகளில், முதலாவதில் மின்சாரத்துக்கும் குளிரூட்டலுக்கும் ஒரே பாதை. பராமரிப்பு என்றால் சர்வர்களை நிறுத்த வேண்டும். இரண்டாவதில் ஜெனரேட்டர், யூபிஎஸ், சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரம் எல்லாம் உபரியாக இருக்கும், பாதை ஒன்றே. மூன்றாவதில் எந்தக் கருவியைக் கழற்றினாலும் சர்வர் ஓடும். ஆனால் அந்த நேரம் பார்த்து இன்னொன்று பழுதானால் நின்றுபோகலாம். எதிர்பாராத பழுதையும் தாங்குவது நான்காவது. ஆக, நீங்கள் கடைசித் தரம் போல எழுதியது உச்ச நிலை! இன்னொன்றையும் நிருபர்கள் கேட்க வேண்டும்: சான்று வரைபடத்துக்கா, கட்டி முடித்த மையத்துக்கா? இரண்டும் தனித்தனிச் சான்றுகள்.

நகரங்களின் கதை வேறு. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப் படிக்கு எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகுப்புகள். 50 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் எக்ஸ், 5 லட்சத்துக்குக் கீழ் இசட். 2024 ஜனவரி முதல் இந்தப் படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 சதவீதம். ரிசர்வ் வங்கியோ வங்கிக் கிளைகளுக்காக ஊர்களை ஆறாகப் பிரிக்கிறது. ஒரு லட்சம் பேர் இருந்தாலே முதல் டயர். அந்தக் கணக்கில் ஓசூரும் பெங்களூரும் ஒரே வரிசை. வாடகைப் படியிலோ ஒன்று இசட், மற்றொன்று எக்ஸ். யாருடைய பட்டியல் என்று சொல்லாமல் 'இரண்டாம் தரம்' என்பது ஊரைத் தாழ்த்துவதாக மட்டுமே படுகிறது. 'இரண்டாம் நிலை நகரம்' போதும்.

வங்கி மூலதனத்தில்தான் ஆபத்து அதிகம். டயர் 1 என்பது வங்கிக்கு நட்டத்தை முதலில் தாங்கும் வலுவான மூலதனம், டயர் 2 அதற்கு அடுத்தது. டயர் 1-இல் சேரும் ஏடி-1 (கூடுதல் டயர் 1) பத்திரம் வாங்கியவருக்கோ டயர் 2-ஐ விட முன்னதாக நட்டம் வரும். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் மறுசீரமைப்பில் சுமார் 8,400 கோடி ரூபாய் ஏடி-1 பத்திரங்கள் பூஜ்யமாக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டயர் 2 பத்திரங்களில் கை வைக்கவில்லை. 'முதல் தரப் பத்திரம்' என்று படித்துச் சேமிப்பைப் போடுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

பொம்மசந்திராவிலும் ஓசூரிலும் உதிரிபாகப் பட்டறைக்காரர்கள் சொல்லும் டயர், வாகன நிறுவனத்திலிருந்து எத்தனை கை தள்ளி என்பது. பிரேக் தொகுப்பை நேரடியாகக் கொடுப்பவர் முதல் படி. அவருக்கு வார்ப்பு கொடுப்பவர் இரண்டாம் படி. அவர் சரக்கு தாமதமானாலும் வண்டி தயாரிக்கும் லைன் நிற்கும்.

ரயிலில் மட்டும் சிக்கலே இல்லை: ஏசி டூ டயர், த்ரீ டயர் என்பது படுக்கை அடுக்கு. அங்கே 'அடுக்கு' கச்சிதம். தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் டயர் 1, டயர் 2-ஐ 'கணக்கு' என்றே எழுதலாம்: முதல் கணக்கு ஓய்வுக்காலப் பணம், எடுக்கக் கட்டுப்பாடு உண்டு, இரண்டாவது வேண்டியபோது எடுக்கலாம்.

அடுத்த முறை எண்ணோடு, எந்த அமைப்பின் வகைப்பாடு, ஒன்று மேலா கீழா என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு