அந்த டேப்பைப் பிரித்துவிடு, பாப்பா

மன்னார்குடி,
ஐப்பசி, ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். இரண்டு நாளாக அடைமழை. சம்பா நட்ட வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டது, வரப்பை வெட்டி வடிய விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கித்தான் எழுத முடிகிறது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

போன வாரம் நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். உன் கம்பெனியில் தீபாவளிக்கு முன்னால் போக வேண்டிய சரக்கு பாக்கி நின்றது, தகடு அடிக்கிற பழைய பிரஸ்ஸில் இருக்கிற இரண்டு பட்டனில் ஒன்றை அமுக்கி டேப் ஒட்டச் சொன்னாய், ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டில் என்று வேலை வேகமாக ஓடியது, டார்கெட் முடிந்தது, மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். "ஒரு வாரமா அப்படித்தான் ஓடுதுப்பா, ஒண்ணும் ஆகலை" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

என் கையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். "கரண்ட் திடீர்னு வந்துடுச்சு, மிஷின் ஓடிடுச்சு" என்றுதான் உன்னிடமும் ஊரிலும் சொல்லிவந்தேன். அது பொய்யில்லை. மீதிப் பாதியை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

2012 மாசி. நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் வேலை பார்த்த அரிசி மில்லில் சம்பா அறுவடை நெல் மலையாகக் குவிந்து கிடந்தது. அந்த வருஷத்துக் கரண்ட் வெட்டு உனக்கும் ஞாபகம் இருக்கும், மெழுகுவத்தி வைத்துக்கொண்டு படிப்பாய். வீட்டில் இருட்டோடு போயிற்று. மில்லில் அப்படி இல்லை. தொட்டியில் ஊறப்போட்ட நெல்லை நேரத்துக்கு எடுத்து அவிக்காவிட்டால் புளித்த வாடை அடிக்கும், அரிசி விலை போகாது. ஜெனரேட்டர் இல்லாத பழைய மில். கரண்ட் இருக்கிற நேரத்தில் எல்லா வேலையும் ஓட வேண்டும். எல்லார் கண்ணும் மீட்டர் போர்டில் எரிகிற அந்தச் சிவப்பு விளக்கிலேயே இருக்கும்.

நெல்லைப் பக்கெட்டில் அள்ளி மேலே தூக்குகிற எலிவேட்டரை ஓட்டும் இருபது எச்.பி. மோட்டாருக்குக் கைப்பிடி வைத்த ஸ்டார்ட்டர். அதற்குள் நோ வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் இருக்கும்வரை கைப்பிடியை அது பிடித்து நிறுத்தும். கரண்ட் போனால் விட்டுவிடும், கைப்பிடி ஆஃபுக்கு வந்துவிடும். திரும்பக் கரண்ட் வந்தாலும் ஒருவர் போய்ப் போட்டால்தான் மோட்டார் ஓடும். மிஷினுக்குள் கை வைத்திருக்கிறவனுக்கு அந்தக் காயில்தான் காவல். தை மாசம் அது எரிந்துபோனது. கைப்பிடி நிற்கவில்லை. புதுக் காயில் வாங்கக் கும்பகோணம் போக வேண்டும், அரை நாள் வேலை. கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து, கைப்பிடியை ஓடுகிற நிலையிலேயே வைத்து, இறுக்கிக் கட்டினேன்.

கட்டியது நான், பாப்பா. முதலாளி கட்டச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் பிட்டராக இருந்தவன், அந்தக் காயில் எதற்கு இருக்கிறது என்று அந்த மில்லிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். முதல் நாள் பயமாகத்தான் இருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். ஒரு வாரம் கழித்து, ஞாபகம் வந்தால் இறக்கினேன். பிறகு அதையும் விட்டேன். கரண்ட் வந்தால் எலிவேட்டர் தானே ஓடும், அதுவே வசதி என்று ஆகிவிட்டது. நாலு வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகாமல் போனதே என் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

அன்று அவித்த நெல் ஈரத்தோடு எலிவேட்டரின் அடிப்பெட்டியில் அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. இப்போதே அடைப்பை எடுத்துவிட்டால் வந்ததும் ஓட்டலாம் என்று கதவைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். நெல் இன்னும் சூடாக இருந்தது, அந்தச் சூடு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பிடி வாரிப் போட்டேன். மூன்றாவது பிடிக்குக் கை உள்ளே போனபோது மேலே பல்பு எரிந்தது. பல்பைப் பார்த்தேன், புரிந்துவிட்டது, கையை இழுப்பதற்குள் பக்கெட் ஏறிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

இவ்வளவு வருஷமாக என்னை அரிப்பது விரல் இல்லை. பக்கத்தில் ஒரு பையன் நின்றான். பத்தொன்பது வயசு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம். "அண்ணே, நீங்க தள்ளுங்க, நான் எடுக்கறேன்" என்றான். அவனுக்கு வேகமாக வராது என்று நானே குனிந்தேன். ஸ்டார்ட்டரில் கம்பி கட்டியிருப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. தள்ளி நின்றிருந்தேன் என்றால் அவன் கை போயிருக்கும். நான் கட்டிய கம்பிக்கு அவன் விரல்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. பெல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வார். வேலை முடிந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டுவார். உங்கள் கம்பெனியில் மிஷினைப் பழுது பார்க்கும்போது மெயினுக்குப் பூட்டும் சீட்டும் போடுகிறார்கள் என்றாயே, அதே வேலைதான். பிடுங்க ஒரு நிமிஷம், மாட்ட ஒரு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய், அன்று மில் பாதி நாள் நின்றது. எந்த நெல்லுக்காக அவசரப்பட்டோமோ அது தொட்டியிலேயே புளித்தது.

நஷ்டஈட்டுக்கு அலைந்தபோதுதான் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருப்பதைப் பார்த்தேன். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 20 சதவீதம் போனதாக அப்போது அதில் கணக்கு. கட்டைவிரல் ஒன்று போனாலே 30. நாலு விரலும் போனால் 50. உன் பிரஸ்ஸில் உட்காருகிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அந்த எண்களை ஒரு தடவை படி.

பிரஸ் பற்றி எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால் டைக்குள், அதாவது தகட்டை அடிக்கிற அச்சுக்குள், போக வேறு கை இல்லை, அதற்குத்தான் இரண்டு வைத்தார்கள். புது மிஷினில் ஒரு பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் அடுத்த அடி விழாது என்றும் நீதான் சொன்னாய். பழையதில் அந்தத் தடுப்பு இல்லை, அதனால்தானே அதில் டேப் ஒட்ட முடிந்தது? மோட்டாரை நிறுத்தினாலும் பிரஸ்ஸை ஓட்டுகிற கனமான சக்கரம், அந்த பிளைவீல், உடனே நிற்காது. ராத்திரி ஷிப்டில், நாலாயிரமாவது தகட்டை வைக்கும்போது, அந்தப் பிள்ளையின் வலது கை அமுக்கும், இடது கை இன்னும் உள்ளே இருக்கும். அவன் கவனக்குறைவான ஆளாக இருக்க வேண்டியதே இல்லை. நாலாயிரம் தடவை சரியாகச் செய்த கைதான் நாலாயிரத்து ஒன்றாவது தடவை முந்திக்கொள்ளும்.

சின்ன வயசில் உன்னைத் தோளில் தூக்கி வைத்துத் திருவாரூர் ஆழித்தேர் காட்டினேன். 96 அடித் தேர். நீ தேரைப் பார்த்தாய், நான் சக்கரத்துப் பக்கத்தில் ஓடுகிறவர்களைப் பார்த்தேன். முட்டுக்கட்டை போடுகிறவர்கள். திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரம் இருக்கிறது, ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இருந்தும் கட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கூடவே வருகிறார்கள். சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிரேக் இருக்கிறதே என்று கட்டையைக் கீழே போட்டவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நீ இப்போது சூப்பர்வைசர். நாளைக்குப் போனதும் அந்த டேப்பை உன் கையாலேயே பிரி. அவர்கள் முன்னால் பிரி, நான் ஒட்டச் சொன்னது தப்பு என்று சொல். உன்னைவிட வயசில் மூத்தவர்கள் இருப்பார்கள், கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. பீஸ் குறைந்தால் மேனேஜரிடம் நேராகக் கணக்கைக் காட்டு: இரண்டு கையால் ஓட்டினால் ஒரு ஷிப்டுக்கு இவ்வளவுதான் வரும், கூட வேண்டுமென்றால் இன்னொரு ஆள், இல்லாவிட்டால் இன்னொரு நாள். அவசரம் அவருடையது, விரல் பிள்ளைகளுடையது.

இன்னொன்று. யாராவது "நல்லவேளை, தப்பிச்சேன்" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதே. உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள். எங்கள் மில்லில் அந்த மாசத்தில் மட்டும் இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். அதில் ஒருத்தர், கரண்ட் வந்து எலிவேட்டர் தானாக ஓடியதைப் பார்த்துப் பயந்து சொன்னவர். கோவிலுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே அந்தக் கம்பியை நான் அவிழ்த்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன். அவளுக்கும் தெரியட்டும்.

டேப்பைப் பிரித்ததும் ஒரு போன் போடு. ராத்திரி ஷிப்ட் முடிந்து எத்தனை மணியானாலும் சரி, எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா