கஷாயம் குடிப்பது அறியாமையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கட்டுரையில், ‘வேலைக்குப் போகிறவர்கள்கூட இன்னும் கஷாயத்தை நம்பிக் கிடப்பது அறியாமை’ என்று ஒரு வரி கண்டேன். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் 22 ஆண்டுகளாகச் செக்கிங் வேலை பார்க்கும் அந்த அறியாமைதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

செக்கிங் என்றால் தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று நின்றபடியே பார்க்கும் வேலை. ஒன்றரை ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம். முழங்கால் என்ன கதிக்கு வரும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரை போட்டுப் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். பிறகு அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் அமுக்கராச் சூரணமும் வாதகேசரித் தைலமும் கொடுத்தார்கள். அடியோடு குணமாகிவிட்டது என்று புளுக மாட்டேன். பஸ் படி ஏற முடிகிறது, அவ்வளவுதான். சர்க்கரைக்கு இன்றும் ஆங்கில மருந்துதான். சித்த மருத்துவர் கொடுத்ததை ஆங்கில மருத்துவரிடமும், அவர் கொடுத்ததை இவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கேட்டுக்கொள்வார், இன்னொருவர் முறைப்பார்.

2020-இல் கபசுரக் குடிநீரை அரசே தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றியது. தாங்களும் முதல் பக்கத்தில் படம் போட்டு, பதினைந்து சரக்குகளின் பெயரையும் வரிசையாக அச்சிட்டீர்கள். அதே கஷாயத்தை நான் வீட்டில் காய்ச்சினால் அறியாமை ஆகிவிடுகிறது. அடுப்பில்தான் ஏதோ கோளாறு போலும்.

நான் ஏமாறாதவள் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன் மூட்டுவலிக்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிட்டேன். பத்தே நாளில் வலி பறந்தது. இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, இல்லாத சர்க்கரையும் வந்து சேர்ந்தது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று, படிப்படியாகத்தான் அதிலிருந்து மீட்டார். அந்தப் பொடியை எனக்கு அறிமுகம் செய்தது தங்கள் நாளிதழின் விளம்பரம்தான் ஐயா. அப்போது எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தது தாங்கள் அறியாததா? இந்த ஞாயிறும் எங்களைத் திட்டிய கட்டுரைக்கு நேர் கீழே, ‘48 நாளில் சர்க்கரைக்கு விடை’ என்று கால் பக்கம்!

சித்த மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு 2022-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியபோது தலையங்கமே தீட்டினீர்கள். பல்கலைக்கழகம் வரும்போது வரட்டும். நான் போகும் சித்தப் பிரிவைப் பகல் பன்னிரண்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். ஒருமுறை தைலம் வாங்கப் போனால் அரை நாள் கூலி போயிற்று. வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்து வைக்கச் சொல்லி நான்கு வரி எழுதுங்கள். பெரிய இடம் வேண்டாம், அந்தச் சர்க்கரை விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருப்பூர் மாவட்டம்.