புற்றுக்காளான் கணக்கு மரக்காளானுக்கு ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சமையல் பக்கத்தில், காட்டுக் காளானை மஞ்சளும் அரிசியும் போட்டு வேகவைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதற்குத் திருத்தம் போடுங்கள். நிறத்தை வைத்து விஷம் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் அம்மாயி இடி இடித்த மறுநாள் விடியலில் புற்றுக்காளான் பறிக்கப் போவார். எந்த வரப்பு, எந்தப் புற்று எல்லாம் மனப்பாடம். காம்பு வேர்போல நீண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பிடுங்கும்போதே பார்த்துவிடுவார். மஞ்சள் சோதனையெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. மரத்தில் முளைத்ததை அவர் தொட்டதே கிடையாது.

போன ஐப்பசியில் எங்கள் கொல்லையில் மட்கிக் கிடந்த மாங்கட்டையில் இரண்டு வகை முளைத்தன. பக்கத்து வீட்டுத் தம்பி மேலிருந்து போட்டோ எடுத்து, "சிப்பிக்காளான்னு செல்போன் சொல்லுதுங்க அக்கா" என்றான். குடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை! உதிரும் வித்துத்தூளின் நிறம் பார்க்க, நான் இரண்டின் குடையையும் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, டம்ளரால் மூடி ராத்திரி வைத்தேன். காலையில் சிப்பி போன்றதன் கீழே வெள்ளைத்தூள். சின்னப் பழுப்புக் காளானின் கீழே துருநிறம். மட்கிய மரத்தில் வளரும் கேலரினா என்ற விஷக்காளானுக்கும் துருநிறத் தூள்தான். கல்லீரலைக் கெடுக்கும் அமாடாக்சின் என்ற விஷம் அதில் உண்டு. என் கட்டையில் இருந்தது அதுவென்று சொல்லவில்லை. அல்லவென்று சொல்லவும் எனக்குத் தெரியாது.

சரி, வெள்ளைத்தூள் என்றால் பயமில்லையா? ஜப்பானில் 2004-இல் 17 பேரைப் பலிகொண்ட 'தேவதைச் சிறகு' காளானும் வெள்ளைத்தூள்தான் உதிர்க்கும். ஊசியிலை மரக்கட்டையில் முளைக்கும். பார்வைக்குச் சிப்பிக்காளான் மாதிரியே இருக்கும். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறுநீரக நோயாளிகள்.

அமாடாக்சின் வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு நாள்வரைகூட, ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது நின்று ஆள் தேறிவிட்டதாக வீட்டார் நிம்மதி அடையும் நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அசாமில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள்.

திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துவிடுங்கள்: சந்தேகம் வந்தால் வாந்திக்காகக் காத்திருக்காமல், மீந்த குழம்பையோ காளானையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாங்கட்டை இன்னும் கொல்லையில்தான் கிடக்கிறது. குழம்புக்குக் கடையில் பாக்கெட் காளான் வாங்குகிறேன்.

வாசகி,
அந்தியூர்