வெயில் அடிக்கும் நாளிலும் பயணத்தை நிறுத்துவது ஏன்? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிரான்ஸின் மார்செய் நகரை அடுத்த பாறைக் குடாக்களுக்கு, ஆறு பேருக்கு மிகாத சிறு குழுக்களாக உங்களை ஸ்நோர்கெலிங் (வாயில் மூச்சுக்குழலைப் பொருத்தி, மிதந்தபடியே நீரடியைப் பார்ப்பது) அழைத்துச் சென்று வருகிறோம். கடந்த கோடையில் உங்களில் பலர் ஒரே குறையைத்தான் எழுதியிருந்தீர்கள்: பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து இறங்கிய பிறகு, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில் பயணத்தை நிறுத்தியது ஏன்? உங்கள் வருத்தம் நியாயமானது. குறுஞ்செய்தியில் இரண்டு வரியாகச் சொல்லி முடிக்கக்கூடிய காரணம் அல்ல என்பதால் இந்த மடலை எழுதுகிறோம்.

இந்தக் கரையில் வானத்தைத் துடைத்து வைப்பதே மிஸ்த்ரால் என்னும் வடமேற்குக் காற்றுதான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக விரைந்து வரும் அக்காற்று, வெயிலில் சூடேறிய மேல்நீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் மேலே ஏறி வருகிறது. முந்தைய நாள் 23 பாகை செல்சியஸாக இருந்த நீர், ஜூலை மாதத்திலும்கூட, மறுநாள் 15, 16 பாகைக்கு இறங்கிவிடுவதுண்டு. குடாவைச் சுற்றிச் சுவர்போல் நிற்கும் பாறைகள் காற்றை மறைப்பதால், கரையோர நீர் கண்ணாடித் தகடுபோல் அசையாமல் கிடக்கும். ஆனால் குடாவின் வாயை நெருங்கியதும் அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். மிதந்தபடி தலையைக் கவிழ்த்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர், தாம் கரையை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதைத் தலை நிமிரும்போதுதான் அறிவார்.

அப்படியொரு நாளில், குடும்பத்தினர் மிகவும் கேட்டுக்கொண்டதற்காக நாங்கள் இணங்கிப் போனோம். பத்து நிமிடத்துக்குள் ஒன்பது வயதுச் சிறுமியின் உதடு நீலம் பாரித்து, மூச்சுக்குழலைக் கடித்துப் பிடிக்க முடியாமல் பற்கள் தந்தியடித்தன. உடனே கரையேற்றிப் போர்த்தினோம். அரை மணி நேரத்தில் தேறிவிட்டாள். தவறு எங்களுடையது. அன்றிலிருந்து, காற்று ஓய்ந்தாலும் நீர் வெதுவெதுப்பாகும்வரை குழுவை இறக்குவதில்லை.

காற்றைத் தவிர வேறு இரு காரணங்களும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் முடிய, காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாள்களில் குடாக்களைச் சூழ்ந்த மலைப்பகுதிக்குள் நுழைவதையே நிர்வாகம் தடைசெய்துவிடும். இங்குள்ள சுஜித்தோன் குடாவுக்கோ, 2022 முதல் கோடை நெரிசல் நாள்களில் ஒரு நாளைக்கு 400 பேருக்கு மட்டுமே, அதுவும் முன்பதிவு செய்தவர்களுக்கே அனுமதி. முன்பு நெரிசல் நாள்களில் 2,500 பேர்வரை மிதித்ததில் சரிவு மண் கரைந்து, பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. அந்த முன்பதிவு இலவசம். அதற்காக எங்களிடம் நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

நீரில் இறங்கும் நாளில், பாறை வழியாகவே இறங்கச் சொல்வதும், கடற்புல் மேல் காலூன்ற வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் சிலருக்குக் கெடுபிடியாகத் தோன்றியிருக்கலாம். பொசிதோனியா எனப்படும் அந்தப் புல் பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் தாவரம். மத்தியதரைக் கடலுக்கே உரியது. பிரான்ஸில் 1988 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதன் வேர்த்தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படர்வதால், ஒரு முறை பெயர்ந்த இடம் நம் வாழ்நாளில் மூடாமலே போகலாம். சற்றுப் பொறுமையாக மிதந்தால், பொன்வரி ஓடிய சலேமா மீன்கள் கூட்டமாக வந்து அந்த இலைகளை மேய்வதைப் பார்ப்பீர்கள். அவை கடித்த இலை ஓரத்தில் நகக்கீறல்போல் அரைவட்டத் தடம் தெரியும். பாறை இடுக்கின் வாயில் வெறும் சிப்பி ஓடுகள் குவிந்திருந்தால், உள்ளே பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) இருக்க வாய்ப்புண்டு. இடுக்கினுள் கையை மட்டும் நுழைக்காதீர்கள். பக்கத்துப் பாறையிலேயே கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும். ரப்பர் காலணியை நாங்கள் கட்டாயமாக்கியதும் அவற்றின் முள்ளுக்காகத்தான்.

இந்தப் பருவம் முதல், பயணம் உண்டா இல்லையா என்பதை முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் தெரிவிப்போம். நாங்கள் நிறுத்தினால் முழுத் தொகையையும் திருப்பித் தருவோம், அல்லது நீங்கள் விரும்பும் வேறு நாளுக்கு மாற்றித் தருவோம். இயன்றவரை, தங்கும் நாள்களில் கடைசி நாளை எங்களுக்கு ஒதுக்காமல் முதல் நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காற்று குறுக்கிட்டால் மாற்றுநாள் தர எங்களுக்கும் இடமிருக்கும். குடாவில் குடிநீர் கிடைக்காது என்பதால், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணக் குழுவினர், மார்செய்