நாங்கள் வரும்வரை ஸ்காபரோ சும்மா கிடக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தமிழ் மரபுத் திங்கள் சிறப்பு மலர் கிடைத்தது. விளம்பரங்களை விலக்கிக்கொண்டு தேடியதில், கனடாவின் ரொறன்ரோ நகரில் நாம் வாழும் கிழக்குப் பகுதியான ஸ்காபரோ பற்றிய கட்டுரையும் கிடைத்தது. தமிழர் வந்து குடியேறும்வரை இந்த இடம் வெறும் பொட்டலாகக் கிடந்ததாம்.

எழுதியவர் பெல்லமி வீதிப் பக்கம் ஒருநாளும் போனதில்லைப் போலும். அங்கே ரேபர் ஹில் என்று ஒரு மேடு இருக்கிறது. 1956-இல் வீடுகள் கட்ட மண் வெட்டியபோது, அதற்குள்ளிருந்து 500-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. இந்த மண்ணின் பூர்வகுடிகளான வெண்டாட் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் தங்கள் சனத்தை ஒன்றாக அடக்கம் செய்த இடம் அது. ஈழத்தில் மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்தழித்த கதையை வருடம் தவறாமல் எழுதுகிற உங்களுக்கு, இன்னொரு சனத்தின் மயானம் எப்படிப் பொட்டலாகத் தெரிந்தது?

சிம்கோ ஆளுநரின் மனைவி 1793-இல் ஏரிக்கரைக் குன்றுகளைப் பார்த்துவிட்டுத் தன் நாடான இங்கிலாந்தின் ஓர் ஊர்ப் பெயரை இதற்கு வைத்த கதையை விடுங்கள். அதை ஆங்கிலப் பத்திரிகைகளே போதுமென்ற அளவுக்கு எழுதியாயிற்று. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது எக்ளின்ரன் வீதியில் இருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்களே, போர் முடிந்த பிறகு அந்தப் பக்கமெல்லாம் கோல்டன் மைல் என்று பெயரெடுத்த தொழிற்சாலைகள் வந்தனவே, அவையும் பொட்டலில்தான் நடந்தனவா? நாங்கள் கறுப்பு ஜூலையில் வீடுவாசலை இழந்த அதே 1983-இல் ஸ்காபரோவுக்கு நகரம் என்ற தகுதியே கிடைத்துவிட்டது, ஐயா.

நான் எண்பதுகளின் கடைசியில் வந்தவள். எங்களுக்கு முதன்முதலில் வீட்டின் பேஸ்மென்ட்டை வாடகைக்குத் தந்தவர் ஒரு ட்ரினிடாட் அம்மா. அதற்கு முன் "வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று கதவைச் சாத்தியவர்களில் நம்மவர்களும் உண்டு. அதை எந்த மலரிலும் நான் வாசித்ததில்லை. பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து எங்கே மலிவாக வாங்கலாம், பஸ் மாறும்போது ட்ரான்ஸ்பர் சீட்டு எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அந்த அம்மா சொல்லித் தந்ததுதான். இரவு வேலைக்குப் போனால் பக்கத்து மெஷினில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். மேற்பார்வையாளர் என்னை ஏசும்போதெல்லாம் எனக்காக வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான். அதே லைனில் நின்ற நம் ஆட்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் 1984-இல் டிராகன் சென்ரர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கார் நிறுத்த இடமில்லை, ரோட்டில் நெரிசல் என்று பழைய குடியிருப்பாளர்கள் கூட்டம் போட்டார்கள். புகைச்சல் காரைப் பற்றி மட்டுமில்லை என்பது போனவர்களுக்கும் தெரியும், போகாதவர்களுக்கும் தெரியும். அப்புறம் எங்கள் முறை வந்தது. ஒரு வீட்டில் எத்தனை பேர், என்ன கறி மணம், பெடியள் ஏன் சந்தியில் நிற்கிறார்கள் என்று எங்கள் காதுபடவே பேசினார்கள்.

சரி, அதெல்லாம் பட்டவர்கள் பாடம் படித்திருப்போம் என்று பார்த்தால், போன இலையுதிர்காலத்தில் உங்கள் பத்திரிகை ஒரு முழுப் பக்கம் போட்டது. புதிதாக வந்த மாணவர்கள் பேஸ்மென்ட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்களாம், தெரு அழுக்காகிறதாம். அந்த பேஸ்மென்ட்டுக்கு மாதாமாதம் வாடகை வாங்குகிறவர் யார் என்று ஒரு வரி இல்லை. வீட்டு முகவர் விளம்பரம் எதிர்ப்பக்கத்திலேயே இருந்ததால் இடம் போதவில்லையாக்கும்.

1998-இல் ரொறன்ரோவோடு சேர்த்த நாளிலிருந்து, எதைப் பங்கிட்டாலும் ஸ்காபரோ கடைசிப் பிள்ளைதான். 1985 முதல் ஓடிய எங்கள் ஸ்காபரோ ரயிலான ஆர்.ரி. 2023 ஜூலையில் தடம் புரண்டு, அத்தோடு நின்றேபோனது. அன்றிலிருந்து குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசையில் ஜமைக்கர், ஆப்கானியர், சோமாலியர், சீனர், தமிழர் என்று எல்லாரும்தான் நிற்கிறோம். இது உங்கள் முதல் பக்கத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. நடிகர் ஒருவர் வந்து நகைக்கடை திறந்தால் மட்டும் வண்ணப் படத்துக்குக் குறைவில்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "பொட்டல்" என்ற வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ரேபர் ஹில் எங்கே இருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் சேர்த்தால் நல்லது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நகைக்கடைக்கும் வீட்டு முகவருக்கும் நடுவில் அவ்வளவு இடம் கிடைக்காமலா போய்விடும்?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ