பின் கண்ணாடி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். அவள் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பொங்கல் சமாசாரம் பிறகு எழுதுகிறேன்.

பதினெட்டு நாள் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு படமும் ஒரு வரியும் அனுப்பியிருக்கிறாய். காரின் பின் கண்ணாடி சூடாகவில்லை, என்ன பண்ணுவது என்று கேட்டிருக்கிறாய். அதையாவது என்னிடம் கேட்கத் தோன்றியதே. போனில் சொன்னால் பாதி கேட்காது, பாதியை நீ கேட்கமாட்டாய். எழுதியே அனுப்புகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

பனி விலகக் கண்ணாடியைச் சூடாக்குகிற டீஃபாகர் என்பது அதில் தெரிகிற கோடுகள்தான். அவை கம்பி இல்லை. வெள்ளிப் பொடியும் கண்ணாடித் தூளும் கலந்த பசையை உள்பக்கம் அச்சடித்து, சூட்டில் பதித்தது. இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒரு பட்டை இருக்கும். ஒன்றில் கரண்ட், மற்றதில் எர்த். நடுவில் ஏணிப்படி மாதிரி கோடுகள். ஒரு கோடு அறுந்தால் அந்த ஒன்றுதான் சாகும், மற்றவை வேலை செய்யும். அதனால் மொத்தக் கண்ணாடியும் சூடாகவில்லையென்றால் கோட்டில் தேடி நேரத்தை வீணாக்காதே, கரண்ட் வரவில்லை அல்லது எர்த் இல்லை. ஒன்றிரண்டு கோட்டின் மேல் மட்டும் பனி விலகாமல் நின்றால்தான் கோடு அறுந்த கேஸ். உன்னுடையது எது என்று நீ எழுதவில்லை.

எஞ்சினை ஸ்டார்ட் செய்துகொள். பல வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் இது வேலை செய்யும். 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும் சாமான், பேட்டரியில் ஓடவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. பத்து இருபது நிமிஷத்தில் தானாக அணைந்தும் விடும், அதை ரிப்பேர் என்று நினைத்துக்கொள்ளாதே. எஞ்சினை வெட்டவெளியில்தான் ஓடவிட வேண்டும். பனி கொட்டியிருந்தால் சைலன்சர் வாய் அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்.

ஸ்விட்சைப் போடு. விளக்கு எரிகிறதா, எங்காவது ரிலே 'டிக்' என்கிறதா, ஹெட்லைட் ஒரு கணம் மங்குகிறதா பார். மங்கினால் கரண்ட் போகிறது என்று அர்த்தம். விளக்கு மட்டும் எரிந்து வேறொன்றும் அசையவில்லையென்றால் ஃபியூஸ் பெட்டிக்குப் போ. மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். இதற்கு பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு பண்ணாதே, இரண்டு காலிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார். போயிருந்தால் அதே ஆம்பியர் போடு. மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட், அதோடு நிறுத்து. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பவன் வயரை எரித்துக்கொள்வான்.

அடுத்தது பின்பக்கம். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வை. இல்லையென்றால் மலிவானது ஒன்று வாங்கு, இதற்கு அது போதும். ஸ்விட்ச் போட்டபடியே இரண்டு ஓரப் பட்டைகளிலும் ஒவ்வொரு முனையை வை. 12-லிருந்து 14 வரை காட்டினால் சப்ளை சரி. ஒன்றுமே காட்டவில்லையென்றால் கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, சிவப்பால் இரண்டு பட்டையையும் தனித்தனியாகத் தொடு. இரண்டிலுமே 12 வந்தால் எர்த் அறுந்திருக்கிறது. இரண்டிலும் பூஜ்யம் என்றால் கரண்ட் வழியில் எங்கோ போய்விட்டது. எட்டு ஒன்பது என்று இழுத்துக்கொண்டு நின்றால் கனெக்டரைக் கழற்றிப் பார். கருகியிருக்கும், அல்லது பச்சை பூத்திருக்கும். நம் ஊரில் கடல் காற்று செய்கிற வேலையை அங்கே பனிக்காக ரோட்டில் கொட்டுகிற உப்பு செய்யும்.

கரண்ட் வழியில் அறுந்திருந்தால் நான் முதலில் கை வைக்கும் இடம், டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிந்து மடிந்து போகிற ரப்பர் குழாய். வயர் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு ஒடிந்திருக்கும். ஒவ்வொரு வயராக மெல்ல இழு. ரப்பர் மாதிரி நீண்டால் அதுதான் ஆள். டிக்கியை அடிக்கடி திறந்து மூடுகிற வண்டியில் இது சீக்கிரம் வரும். நீ இப்போது அடிக்கடி திறந்து மூடுவாய் போலிருக்கிறது.

இன்னொரு இடம், வயர் பட்டையில் சேரும் சின்னத் தகடு. சாமான் இடித்தால் ஈயத்தோடு பெயர்ந்து வரும். சூப்பர் க்ளூ ஒட்டாதே, அது கரண்ட் கடத்தாது. கரண்ட் கடத்துகிற எபாக்ஸி கிடைக்கும், அதுதான் உனக்குச் சரி. பற்றவைக்க வெள்ளி கலந்த ஈயம் வேண்டும், சூடு கொஞ்சம் அதிகமானால் பட்டையே கழன்று வரும், கண்ணாடியும் விரியும். பழகாத கை அதைத் தொட வேண்டாம்.

ஒற்றைக் கோடு அறுந்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். கறுப்பு எர்த் பட்டையில் இருக்கட்டும். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள், ஊசி முனை கோட்டைக் கீறும். கோட்டின் நடுவில் வை. நல்ல கோடு பாதி காட்டும், ஆறு ஏழு வோல்ட். முழுசாக 12 நின்றால் எர்த் பக்கப் பாதியில் அறுந்திருக்கிறது. பூஜ்யமென்றால் கரண்ட் பக்கப் பாதியில். அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போ, 12-க்கும் பூஜ்யத்துக்கும் குதிக்கிற இடம் ஒரு மயிரிழைதான், கண்ணுக்குத் தெரியாது. சில வண்டிகளில் மேலே ஒன்றிரண்டு கோடு ரேடியோ ஏரியலுக்கு. அதில் வோல்ட் இல்லையென்று பதறாதே.

அடைக்க வெள்ளிப் பெயின்ட் சின்னக் குப்பியில் விற்கும். ஸ்பிரிட்டால் துடை, கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டு, மெல்லிசாக மூன்று தடவை பூசு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஒரு நாள் முழுக்க ஸ்விட்ச் போடாதே. ஓர் அங்குலத்துக்கு மேல் போயிருந்தால் நிற்காது. வெயில் இல்லாத குளிரில் அது காயவும் காயாது, சூடான இடத்துக்குள் வண்டியை நிறுத்தித்தான் செய்ய வேண்டும். உனக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறதா தெரியவில்லை.

உள்பக்கம் பிளேடு போட்டுச் சுரண்டாதே. 2012-இல் சுப்ரீம் கோர்ட் கறுப்பு பிலிமைத் தடை செய்தபோது இங்கே அப்படி உரித்த வண்டிகளில் பிலிமோடு கோடும் வந்தது. துடைத்தால் கோட்டின் போக்கில் பக்கவாட்டாகத் துடை, மேலும் கீழும் தேய்க்காதே. சாமானைக் கண்ணாடியில் சாய்க்காதே. படத்தில் தெரிகிற குக்கரின் கைப்பிடி சரியாகத் தகடு இருக்கும் மூலையில் நிற்கிறது, அதை நகர்த்து.

இதெல்லாம் சரி. படத்தை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன், தம்பி. பனி கண்ணாடிக்கு வெளியே இல்லை. விரலால் தேய்த்த தடம் உள்பக்கம் இருக்கிறது. உள்ளே உறைய உள்ளே ஈரம் வேண்டும். தரை விரிப்புக்கு அடியில் கை வைத்துப் பார், டிக்கி ரப்பரைப் பார், இனிப்பு வாசனை அடித்தால் ஹீட்டர் ஒழுகுகிறது. காற்று உள்ளேயே சுற்றுகிற பட்டன் போட்டிருந்தால் எடுத்துவிடு. இவை எதுவும் இல்லையென்றால் மூச்சுக் காற்றுதான். மூடின வண்டிக்குள் ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சு விட்டால் அரை டம்ளர் தண்ணீராவது கண்ணாடியில் போய் நிற்கும். அதற்கு டீஃபாகர் என்ன செய்யும்?

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து திரும்பி எடுத்திருந்தால் பின் சீட்டு ஹெட்ரெஸ்ட் படத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை. கீழேயிருந்து எடுத்திருக்கிறாய். ஓரத்தில் அம்மா கட்டிக்கொடுத்த போர்வை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் வண்டிக்குள் ஆள் படுத்திருக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, ஹீட்டருக்காகக்கூட. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வை. சைலன்சர் வாயைப் பார்.

நீ போன் எடுத்ததும் நான் முதலில் கேட்பது டியூ கட்டினாயா என்பதைத்தான். சாப்பிட்டாயா என்பது அம்மா வாங்கிப் பேசும்போதுதான் வரும். ஆகஸ்டில் நீ ஏதோ சொல்ல ஆரம்பித்தாய், பேங்க் ஆள் வந்து போனதை நான் நடுவில் சொன்னேன், நீ நிறுத்திக்கொண்டாய். அது என்னவென்று இன்று வரை கேட்கவில்லை. உன் எம்.எஸ்.சி. படத்தை ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அப்படிப் பேசினேன். மார்ச் வரைக்கும் டியூ கட்டியாகிவிட்டது. எப்படி என்று கேட்காதே, பண்ருட்டிக் கொல்லை அப்படியேதான் இருக்கிறது.

லெஸ்டரில் மாமா மச்சான் வீட்டு நம்பர் அம்மா தனியாக அனுப்புவாள். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, பின் கண்ணாடி ரிப்பேர் பண்ண சூடான கராஜ் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவரிடம் இருக்கிறது. பெயின்ட் காய ஒரு நாள் ஆகும் என்றும் சொல்லிவிட்டேன்.

இரண்டு பட்டைக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்த்ததும் அனுப்பு. உனக்கு ராத்திரி பன்னிரண்டு என்றால் எனக்கு விடிகாலை ஐந்தரை. விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா